சங்கமா, வங்கியா?

2022 நவம்பரில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் ஒரு ‘வங்கி’யின் தலைவரைக் கைது செய்தார்கள். அந்த வங்கிக்கு அம்பத்தூரில் தலைமை அலுவலகம் இருந்தது. மதுரை, நாமக்கல், சேலம், ஈரோடு என்று வெளியூர்களில் கிளைகள் இருந்தன. பாஸ்புக் கொடுத்தார்கள், டெபாசிட் ரசீது கொடுத்தார்கள், கார்டும் கொடுத்தார்கள். ரிசர்வ் வங்கியின் உரிமம் மட்டும் இல்லை. ‘ரூரல் அண்டு அக்ரிகல்ச்சர் ஃபார்மர்ஸ் கோஆபரேட்டிவ் பேங்க்’ என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்த அந்த நிறுவனத்தின் மேல் ரிசர்வ் வங்கியே போலீசுக்குப் புகார் கொடுத்தது. வேறொரு வங்கியின் கார்டுகள் மேல் தங்கள் பெயரை ஒட்டி வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார்கள் என்று விசாரணையில் தெரிந்ததாகப் போலீஸ் அப்போது சொன்னது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு ஆருத்ரா கோல்டு விவகாரம் வெடித்திருந்தது. ஒரு லட்சம் போட்டால் மாதம் 25,000, 30,000 என்று ஆசை காட்டி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு குற்றம்சாட்டிய வழக்கு அது. அம்பத்தூர் விவகாரத்தின் இயல்பு வேறு. அங்கே போனவர்கள் நாடியது சாதாரண சேமிப்புக் கணக்கும், சின்னதாக ஒரு கடனும்தான். பலகையில் ‘விவசாயி’ இருந்தது, ‘கூட்டுறவு’ இருந்தது, ‘பேங்க்’ இருந்தது. நம் ஊரில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வராமல் போனதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. கூட்டுறவுக் கடன் என்பது அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து மக்களுக்கு நூறாண்டுக்கு மேல் பழகிய விஷயம்.

ஆவடியிலிருந்து திருவள்ளூர் மார்க்கத்தில் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் பக்கம் திரூர் என்றொரு கிராமம் இருக்கிறது. நெல் ஆராய்ச்சி நிலையத்தால் விவசாயிகளுக்குத் தெரிந்த ஊர். நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 ஆகஸ்ட் 30 அன்று இங்கேதான் தொடங்கப்பட்டது என்று தமிழக அரசின் கூட்டுறவுத் துறை பதிவு செய்திருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கியும் அதே ஆண்டு பிறந்தது. இதற்கெல்லாம் விதை போட்டவர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி. சென்னை மாகாண விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களிடம் சிக்கித் தவித்ததைப் பார்த்து, அதற்கு என்ன வழி என்று ஆராய அரசு அவரை நியமித்தது. 1895லும் 1897லும் வந்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கங்களை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் கூடித் தங்கள் சேமிப்பைப் போடுவது, அதிலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வது, ஆளுக்கு ஒரே ஓட்டு. இவ்வளவுதான் அந்த ஏற்பாடு.

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. 1907இல் எட்வர்ட் ஃபைலீன் என்ற பாஸ்டன் நகர வணிகர் இந்தியாவுக்கு வந்தார். வங்காளத்தில் வில்லியம் கூர்லே என்ற அதிகாரியோடு போய்க் கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்தார். ஊர் திரும்பியவர் அங்கே கடன் சங்க இயக்கத்துக்குத் தோள் கொடுத்தார். 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதற்குச் சட்டமே இயற்றியது. இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்கும் ‘கிரெடிட் யூனியன்’ கணக்கின் வேர்களில் ஒன்று இந்திய கிராமத்து மண்ணில் இருக்கிறது. அங்கே அது எங்கே போய் நின்றது, இங்கே எங்கே நின்றது என்பதுதான் கேள்வி. 1970இல் அங்கே கடன் சங்க டெபாசிட்டுகளுக்கு அரசு காப்பீடு வந்தது. 1974இல் சங்கக் கணக்கிலிருந்தே செக் போன்ற ஓர் ஆவணம் எழுதிக் கொடுக்கும் வசதி சோதனையாகத் தொடங்கி, 1980இல் சட்டப்படி நிலைபெற்றது. சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் சேமிக்கிறார், கடன் வாங்குகிறார், செக் எழுதுகிறார். சங்கம் மூழ்கினாலும் இரண்டரை லட்சம் டாலர் வரை அவர் பணம் பத்திரம்.

இங்கே அப்படி இல்லை. செக்தான் எல்லைக்கோடு. 1966 மார்ச் 1 முதல் கூட்டுறவு வங்கிகள் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்தன. அந்தச் சட்டம் வேளாண் கடன் சங்கங்களை இரண்டு நிபந்தனைகளோடு விட்டுவைத்திருக்கிறது. பெயரில் ‘வங்கி’ என்று போடக் கூடாது. தன் மேல் எழுதப்படும் செக்குக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஆக, சங்கம் சங்கம்தான், வங்கி வங்கிதான். ஆனால் பேச்சு வழக்கில் இந்தக் கோடு அழிந்துபோயிருக்கிறது. முன்பு ‘தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி’ என்று எழுதியிருந்த பலகைகள் ‘கடன் சங்கம்’ என்று மாறிப் பல ஆண்டுகள் ஆகியும், நகையை எடுத்துக்கொண்டு கிளம்பும் பெண்கள் இன்றும் ‘பேங்க்குக்குப் போறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். வயல்களெல்லாம் மனையாகிப்போன இந்தப் புறநகரில் வேளாண் சங்கத்தின் பெரிய வேலையே நகைக்கடன்தான் என்று ஆகிவிட்டது.

சம்பளத்தில் பிடிக்கும் சங்கம்

கிரெடிட் யூனியனுக்கு நம்மூரில் மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால், பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தைச் சொல்வேன். ‘சொசைட்டி’ என்று சொன்னால் அம்பத்தூர், ஆவடியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு உடனே புரியும். 1960களில் எழுந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, அதே காலத்தில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவைதான் இந்தப் பக்கத்தை மாதச் சம்பள ஊராக மாற்றின. பொதுத்துறை ஆலைகள், அரசு அலுவலகங்கள், பள்ளிகள், போக்குவரத்துக் கழகம் என்று சம்பளப் பட்டியல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிக்கன நாணயச் சங்கம் வேர்விட்டது.

அதன் பலம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது: பிடித்தம். சம்பளம் கைக்கு வரும் முன்பே பங்குத் தொகை, மாதச் சிக்கனச் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் கழிந்துவிடும். வட்டிக்கு விடுபவரிடம் போகாமல் மகள் கல்யாணத்தை முடித்தவர்கள், கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும் அரை கிரவுண்டு மனை வாங்கியவர்கள் என்று இந்தச் சங்கங்களால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் ஏராளம். ஒரு சக ஊழியர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் போதும், கடன் கிடைக்கும். ஜாமீன் போட்டவர் பக்கத்து மேஜையில் இருப்பதால் தவணை தவறுவது எளிதில்லை. ரைஃபைசன் கிராமத்தில் கண்டதை நம் ஆட்கள் தொழிற்சாலைக்குள் நடத்திக் காட்டினார்கள்.

ஆனால் இதை வங்கிக் கணக்காக நினைத்துக்கொள்ளக் கூடாது. சிக்கனச் சேமிப்பை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது; பொதுவாக ஓய்வு பெறும்போதோ, வேலையை விடும்போதோ, கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டுதான் கைக்கு வரும். செக் கிடையாது. ஏ.டி.எம். கிடையாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, டெபாசிட் காப்பீடு கிடையாது. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டி.ஐ.சி.ஜி.சி. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அசலும் வட்டியும் சேர்த்து, காப்பீடு தருகிறது. மாநிலக் கூட்டுறவு வங்கி, மத்திய கூட்டுறவு வங்கி, நகர கூட்டுறவு வங்கி மூன்றுக்கும் அது உண்டு. சங்கங்களுக்கு இல்லை. ஓய்வுபெற்ற கையோடு வந்த பணிக்கொடை முழுவதையும், வங்கியை விட அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூட என்பதற்காகச் சங்கத்தில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் தவறு என்றே நினைக்கிறேன். வேலையில் இருக்கும் வரை மாதாமாதம் பிடிக்கட்டும். அது நல்ல பழக்கம். வாழ்நாள் சேமிப்பு முழுவதற்கும் அது இடமில்லை.

சங்கத்தில் போட்டிருப்பவர்கள் வெறும் டெபாசிட்தாரர்களாக இருந்துவிடக் கூடாது என்பது அடுத்த விஷயம். அவர்கள் உறுப்பினர்கள், அதாவது உரிமையாளர்கள். ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு வைக்கப்பட வேண்டும். கூட்டுறவுத் தணிக்கைத் துறை ஒவ்வொரு சங்கத்துக்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறது. ‘நம்ம சங்கம் என்ன தரம்?’ என்று கேட்பது உறுப்பினரின் உரிமை. முறைகேடு என்று தெரிந்தால் 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆவது பிரிவில் விசாரணை வரும். சங்கத்துக்கு நேர்ந்த இழப்பை 87ஆவது பிரிவில் பொறுப்பானவர்களிடமே வசூலிக்கலாம். உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் தகராறு என்றால் 90ஆவது பிரிவு. ‘எண்பத்தொண்ணு போட்டிருக்காங்க’ என்று சங்க ஊழியர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அந்த உரிமை இப்போது மெலிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டு 2023இல் முடிந்த பிறகு, சங்கங்கள் அரசு அதிகாரிகளின் பொறுப்புக்குப் போயின. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கோர்வாலா தலைமையிலான கிராமக் கடன் ஆய்வுக் குழு கூட்டுறவில் அரசும் பங்காளியாக வேண்டும் என்று 1954இல் பரிந்துரைத்தது. அதற்கு அடுத்த மாதங்களில், 1955 ஜனவரியில், இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அரசு பணம் கொடுத்தது, கூடவே அதிகாரமும் செலுத்தியது. ஏழைக் குடியானவனுக்கு அதனால் கடன் கிடைத்தது உண்மை. உறுப்பினரின் ஓட்டுக்கு மதிப்புக் குறைந்ததும் உண்மை. தேர்தல் நடத்துங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் அதில் பணம் போட்டிருப்பவர்கள்தான்.

எதை எங்கே வைப்பது

அன்றாடப் பணத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கூட்டுறவையே நம்புகிறவர்களுக்கு, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கி இருக்கிறது. 1905இல் தொடங்கிய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்குச் சென்னையில் கிளைகள் இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டம் காஞ்சிபுரம் மத்திய கூட்டுறவு வங்கியின் எல்லைக்குள் வருகிறது. இங்கே சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, தொடர் வைப்பு, செக் புத்தகம் எல்லாம் உண்டு, ஐந்து லட்சம் வரை காப்பீடும் உண்டு. காப்பீடு இருந்தாலும் வங்கி தடுமாறும்போது வாடிக்கையாளர் படும் பாட்டை 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. வங்கி காட்டியது. கணக்கு வைத்திருந்தவர் முதலில் எடுக்க அனுமதிக்கப்பட்ட தொகை 1,000 ரூபாய். அதற்குப் பிறகுதான் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது. கட்டுப்பாடு விதிக்கப்பட்ட 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் கைக்கு வர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021இல் வந்தது.

சேமிப்புக் கணக்கின் வட்டியை எந்த வங்கி எவ்வளவு தருவது என்பதை 2011 அக்டோபரிலிருந்து வங்கிகளே முடிவு செய்கின்றன. அதற்கு முன் எல்லா வங்கியிலும் ஒரே வட்டி. இன்னொரு நல்ல மாற்றத்தையும் மறந்துவிடக் கூடாது. 2010 ஏப்ரலுக்கு முன்பு, மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. பள்ளிக் கட்டணம் கட்ட ஒரு நாள் பணத்தை எடுத்துவிட்டால் அந்த மாத வட்டியே போய்விடும். இப்போது ஒவ்வொரு நாள் இருப்புக்கும் கணக்கு. 2025 ஜூனில் ஸ்டேட் வங்கி சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம். ஆண்டு முழுக்க 40,000 ரூபாய் இருந்தால் அங்கே 1,000, இங்கே 1,600. தபால் அலுவலகத்தில் 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும், செக் புத்தகமும் கேட்டு வாங்கலாம், பணத்துக்கு அரசே பொறுப்பு. பூந்தமல்லி பூ மார்க்கெட்டில் தினக்கூலிக்குப் பூ கட்டும் பெண் ஒருவர் எனக்கு எது நல்லது என்று கேட்டால், அவசரச் செலவுக்கான பணத்தைத் தபால் அலுவலகத்தில் போடுங்கள் அம்மா என்றுதான் சொல்வேன்.

மினிமம் பேலன்ஸ் பயம் ஏழைகளைத்தான் வாட்டுகிறது. ஸ்டேட் வங்கி 2020இலேயே அந்த நிபந்தனையை நீக்கியது. 2025 ஜூன், ஜூலையில் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவையும் நீக்கின. இந்த வங்கிகளில் கணக்கு இருக்கிறவர்கள் இனி அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு வைத்திருந்து வேலை மாறியவர்கள்தான் கவனிக்க வேண்டும். சம்பளம் வருவது நின்றதும் அது சாதாரணக் கணக்காகிவிடும். பிறகு பேலன்ஸ் குறைவு என்று ஒவ்வொரு மாதமும் பிடிப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒப்பந்த வேலையில் கம்பெனி கம்பெனியாக மாறும் இளைஞர்களிடம் இப்படி மறந்துபோன கணக்குகள் இரண்டு மூன்று இருக்கும். வேண்டாததை முறையாக மூடிவிட வேண்டும்.

எல்லா வங்கியிலும் ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று ஒன்று இருக்கிறது. மினிமம் பேலன்ஸ் இல்லை, கார்டு இலவசம், மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ரிசர்வ் வங்கி 2012இல் கொண்டுவந்த இந்தக் கணக்கைப் பற்றிக் கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

தொழிற்பேட்டையில் ஒரு லேத், இரண்டு டிரில்லிங் மெஷினோடு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரரின் கணக்கு வேறு. கடை, கம்பெனி பெயரில் சேமிப்புக் கணக்கு வைக்க விதி இல்லை, கரண்ட் அக்கவுண்ட்தான். அதற்கு வட்டி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே வாராவாரம் கூலிக்கும் கம்பி வாங்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவை அதில் வைத்துக்கொண்டு, மிஞ்சியதை வட்டி வரும் குறுகிய கால வைப்பில் போடுவதே முறை. சிலர் சொந்த எஸ்.பி. கணக்கிலேயே வியாபாரத்தையும் ஓட்டுகிறார்கள். வங்கி கவனித்தால் கணக்கை நிறுத்தும். ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்கு முடிக்கும்போது வீட்டுச் செலவும் பட்டறைச் செலவும் பின்னிக்கொண்டு நிற்கும். கடன் கேட்டுப் போனால் காட்ட ஒழுங்கான ஸ்டேட்மென்ட் இருக்காது. செக் விஷயத்தில் பழைய சாமர்த்தியமும் இனிச் செல்லாது. ‘இன்னைக்குச் செக் கொடுத்திடலாம், பாஸாக இரண்டு நாள் ஆகும், அதுக்குள்ள பார்ட்டி பணம் வந்திடும்’ என்று கணக்குப் போடுவார்கள். 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் அன்றைக்கே பாஸாகின்றன. பணம் இல்லையென்றால் திரும்புவதும் அன்றைக்கே. பிறகு செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வழக்கு, இரண்டாண்டு வரை சிறை, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்று போகும்.

நிதி கம்பெனிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மயிலாப்பூர் ஃபண்டு போன்ற பழைய நிதிகள் 1872 முதல் சென்னையில் இருக்கின்றன. அவையும் உறுப்பினர்களிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், கரண்ட் அக்கவுண்ட் திறக்கக் கூடாது, டெபாசிட் காப்பீடு இல்லை. ஒரு ‘நிதி’ உங்களுக்கு நடப்புக் கணக்கு தருகிறேன் என்றால் படியிறங்கிவிடுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரிலும் வசூல் நடக்க இடம் உண்டு. சஹாரா குழுமத்தின் நான்கு கூட்டுறவுச் சங்கங்களில் போட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர 2023 ஜூலையில் மத்திய அரசு தனி இணையதளமே தொடங்க வேண்டியிருந்தது. பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்து பட்டரைவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளியிடம் தினமும் நூறு ரூபாய் வசூலிக்கத் தெரிந்தவர் ஒருவர் வருவார். ஜன் தன் கணக்கு அந்தத் தொழிலாளியிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் போடச் சொல்ல ஆள் இருக்காது.

2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி விடுத்த எச்சரிக்கை இதையெல்லாம் ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் ‘வங்கி’ என்ற பெயரை வைக்கக் கூடாது. உறுப்பினர் அல்லாதவர்களிடமும் பெயரளவு, இணை உறுப்பினர்களிடமும் டெபாசிட் வாங்குவது வங்கித் தொழில் செய்வதற்குச் சமம். இந்த டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு இல்லை. அடுத்த ஆண்டே அம்பத்தூர் விவகாரம் வந்தது. எச்சரிக்கை ஆங்கில நாளிதழில் வந்து, மும்பை இணையதளத்தில் கிடந்தால் பட்டாபிராமில் இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? ரேஷன் கடைச் சுவரில், சங்க அலுவலக வாசலில், ஆவடி மாநகராட்சி அலுவலகத்தில் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டாமா? கூட்டுறவுத் துறை இதை இன்றைக்கே செய்யலாம். ஒரு தாள் போதும்.

கணக்குத் திறக்கப் போகும் ஒருவர் வாசலிலேயே கேட்க வேண்டியவை அதிகமில்லை. ரிசர்வ் வங்கி உரிமம் எங்கே மாட்டியிருக்கிறது? டி.ஐ.சி.ஜி.சி. பட்டியலில் பெயர் இருக்கிறதா? டி.ஐ.சி.ஜி.சி. இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பெயர்கள் இருக்கின்றன. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். சங்கம் என்றால், என்னை ஓட்டுரிமை உள்ள உறுப்பினராகச் சேர்க்கிறீர்களா, இணை உறுப்பினராகவா? நகைக்கடனுக்குப் போகிறவர்களை இணை உறுப்பினராகச் சேர்ப்பதுதான் வழக்கம். இணை உறுப்பினருக்கு ஓட்டும் இல்லை, லாபத்தில் பங்கும் இல்லை. கடன் வாங்க அது போதும், டெபாசிட் போட அது போதாது. பணம் திரும்பி வராத நிலை வந்துவிட்டால், 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் இருக்கிறது. 90களில் சென்னையில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது வந்த சட்டம் அது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பிரித்துக் கொடுக்க வழி செய்கிறது. ஆனால் வருடங்கள் ஓடும்.

கடைசியாக நாமினி. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், யாருக்கு எத்தனை பங்கு என்றும் குறிப்பிடலாம். பத்தாண்டு தொடப்படாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். உரியவர்கள் பிறகு கேட்டு வாங்கலாம் என்றாலும் அலைய வேண்டும். சங்கத்தில் இருக்கும் பங்குத் தொகைக்கும் சிக்கனச் சேமிப்புக்கும் தனியாக நாமினி படிவம் கொடுக்க வேண்டும். வங்கியில் கொடுத்தது அங்கே செல்லாது. கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, முப்பது வருடம் மாற்றாமலேயே ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு. அந்தப் படிவத்தை இந்த மாதச் சம்பள நாளிலேயே சங்க அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.